ஒரு விரல் அகல நீலம்

டாண்டினோங் பள்ளியில் என் சமையல் வகுப்பறைக்கு
ஆறு அடுப்பு, ஆறு தொட்டி.
வாசலோரம் கை கழுவ மட்டுமே தனியாக ஒன்று.
அதில் யாராவது கரண்டியை நனைத்தால்
என்னையறியாமல் குரல் உயர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பு. செவ்வாய். இரண்டாம் பாடவேளை.
முடியைக் கட்டு. மோதிரத்தைக் கழற்று.
கெயிட்லின், நகப்பூச்சு தெரிகிறது, கையுறை போடு.
கோழிக்கு மஞ்சள் பலகை, காய்க்குப் பச்சை,
மாற்றி எடுத்தவர் இன்று பாத்திரம் துலக்குவார்.

வெட்டுக்காயத்துக்கு நீலப் பிளாஸ்டர்.
"ஏன் நீலம்?" என்றான் ஃபர்ஷாத்.
"உணவில் விழுந்தால் கண்ணில் பட.
உலகத்தில் நீலச் சாப்பாடே கிடையாது."
பத்து வருடமாய்ச் சொல்லிவரும் வாக்கியம்.
ஹிதாயா கை தூக்கினாள்:
"எங்கள் வீட்டுச் சோறு நீலம், மிஸ்.
அம்மா சங்குப்பூ போட்டு வடிப்பாள்."

சங்குப்பூவை எனக்கும் தெரியும், வேலியில்.
சோற்றில் தெரியாது.
"சரி, இந்த அறையில் கிடையாது" என்று
வாக்கியத்தைச் சிறியதாக்கிக்கொண்டேன்.

அன்றைக்குப் பூசணி ஸ்கோன்.
பள்ளி மணிக்கு முன்பே பூசணியை வெட்டி
அவித்து மசித்து
ஆறு கிண்ணத்துக்கும் பங்கிட்டு வைத்தவள் நான்.
பிள்ளைகள் மாவில் வெண்ணெயை உதிர்த்தார்கள்,
பூசணியைக் கொட்டினார்கள்,
மேசையெல்லாம் மஞ்சள்.

பாதி நேரத்தில் பிளாஸ்டர் எண்ணுவது வழக்கம்.
பெட்டியில் குறைந்திருப்பது மூன்று.
ஃபர்ஷாத்திடம் ஒன்று. சொபீப்பிடம் ஒன்று.
"எல்லோரும் கையை எடுங்கள். விரலை நீட்டுங்கள்."
இருநூற்று நாற்பது விரல்கள், மாவு பூசி,
பிறந்த குழந்தைகளின் விரல்கள்போல.
மேசைக்கடியில் பார்த்தேன். வடிகாலில் பார்த்தேன்.
ஜேடனிடம் இரண்டாம் முறை கேட்டேன்.
தன்னிடம்தான் எப்போதும்
இரண்டாம் முறை கேட்பார்கள் என்பது
அவன் முகத்தில் முன்பே எழுதியிருந்தது.

"மிஸ்" என்றாள் சொபீப், மெதுவாக,
"உங்கள் கட்டைவிரல்."

ஏழு நாற்பது. பூசணித் தோல். கத்தி வழுக்கியது.
வெளிறிச் சுருங்கிய தோலில்
ஒட்டியிருந்த இடத்தின் அடையாளம் மட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கடினம்.
பூசணிக்குள் ஒரு பிளாஸ்டரை மறைப்பது சுலபம்.
ஒரு வினாடி அதையும் நினைத்தேன், பொய் சொல்வானேன்:
இருநூற்றிருபது பாகை, யாருக்குத் தெரியும்.

"என்னுடையது" என்றேன்.
"ஆறு கிண்ணமும் குப்பைக்கு."

எழுந்த முனகலை எழுத்தில் எழுத முடியாது.
முதல் கிண்ணத்தைத் தூக்கி வந்தவன் ஜேடன்.
மாவு பைக்குள் விழும் சத்தம்
யாரோ செருப்பில்லாமல் நடப்பதுபோல், பொத், பொத்.
"பைக்குள் தேடிப் பார்க்கட்டுமா?" என்றான் ஃபர்ஷாத்.
வேண்டாம்.

சம்பவப் பதிவேட்டை ஹிதாயா எழுதினாள்.
பெயருக்கான கட்டத்தில்
'திருவருட்' வரைதான் இடமிருந்தது.
"இன்னும் இருக்கிறதா, மிஸ்?"
"இருக்கிறது. கீழே எழுது."

மணியடித்ததும் ஜேடனிடம் போனேன்,
மூன்றாம் முறை, இம்முறை கேட்பதற்கல்ல.
அவன் தோளைக் குலுக்கி
"பசிக்கிறது, மிஸ்" என்றான்.

இரவு, துணி துவைக்கும் முன்
ஏப்ரன் பையைப் புரட்டியபோது விழுந்தது,
கட்டைவிரல் வளைவு இன்னும் கலையாமல்.
மாவுக்குள் போகவே இல்லை.
இருபத்து நான்கு பேரின் நல்ல மாவு.

அதைக் குப்பையில் போட்டு
கை கழுவினேன்.
இருபது எண்ண வேண்டும்.
பதினொன்றில், நாளை இதையும்
அவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்ற
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.