இதர காரணங்கள்

மேற்பிரிவில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்,
அதுவும் கிழக்கு மூலையில்,
அதுவும் ஒரு காலைக் கல்லிலும் ஒரு காலைக் காற்றிலும் வைத்து
கொஞ்சம் பதுளைப் பக்கம் சாய்ந்தால்.

சாய்ந்து சாய்ந்தே என் இடதுதோள்
ஒரு சாண் கீழே போயிற்று.
டெய்லர் மொய்தீன் நாடாவை மாற்றிப் போட்டு அளந்துவிட்டு
"கொழுந்துக் கூடை சுமந்தியா?" என்றார்.
நான் இல்லையென்று சொல்லவில்லை.

நாங்கள் நாலு பேர் ஓர் அணி.
தேவசகாயம் படைத்தலைவன்,
பகலில் பேக்கரியில் பணிஸ் அடுக்குகிறவன்.
கமலதாஸ் குறிபார்த்துச் சுடுவான்.
அரை மைலுக்கு அப்பால் மாடியில் பதுங்கியவனின்
தொப்பி தெரியும் அவனுக்கு.
எதிரே வரும் மாமனாரைத் தெரியாது.
போன கிழமை ஹட்டன் பஸ் என்று நினைத்து
தண்ணி பவுசரைக் கைகாட்டி மறித்தான்.
மதுஷானி, செத்துக் கிடக்கும் எங்களை
ஓடிவந்து எழுப்பிவிடுகிறவள்.
காலையில் அவளை எழுப்ப அவள் அம்மா
தகரத்தில் கரண்டியால் தட்டவேண்டும்.
நான் சும்மா முதலில் செத்துப்போகிறவன்.
அணிக்கு அதுவும் ஒரு வேலை.

பனி இறங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது.
சட்டைக்கையால் துடைத்தான் கமலதாஸ்;
துடைத்த வேகத்தில் கைக்குண்டு கழன்று
எங்கள் காலடியிலேயே விழுந்தது.
ஒரு கிழமை அவனோடு பேச்சில்லை.

மழைக்காலத்தில் பகை இரண்டு பக்கம்.
திரையில் எனக்கு உயிர் நூற்றுக்கு நூறு,
கணுக்காலில் அட்டை குடித்துக்கொண்டிருக்கும்.
கையை எடுத்தால் அங்கே சாவு,
எடுக்காவிட்டால் இங்கே இரத்தம்.
எடுக்கவில்லை. வென்றோம்.
விடியும்போது பிடுங்கிப் போட்டதை எண்ணி
"இன்றைக்கு நீ வீழ்த்தியது எட்டு" என்று
கணக்கில் சேர்த்தான் தேவசகாயம்.
என் வாழ்நாள் சாதனை அதுதான்.

பெருவிரல் முதலில் சுளுக்கிற்று,
அப்புறம் மரத்தது,
அப்புறம் தனிக்குடித்தனம் போயிற்று.
சோற்றுத் தட்டில் துடிக்கும்,
பஸ் கம்பியில் துடிக்கும்,
எளவு வீட்டில் துக்கம் கேட்டுக் கையைப் பிடித்தால்
அந்த மனிதரின் உள்ளங்கையில்
மூன்று தோட்டா.

டிஸ்பென்சரிப் புத்தகத்தில்
குளவி கொட்டு, வழுக்கி விழுதல், கவ்வாத்துக் கத்தி
என்று காரணங்களுக்குக் கட்டங்கள் உண்டு.
ஐயா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கட்டம் கட்டமாய்த் தேடினார்,
'இதர' என்று எழுதி
தைலம் ஊற்றித் தடிமனாய்க் கட்டிவிட்டார்.
கட்டோடு ஆடினேன்.
ஒரே அழுத்தில் இரண்டு பட்டன்.
ஆட்டம் கொஞ்சம் முன்னேறிற்று.

அட்டைகளில் அடுத்தது அடையாள அட்டை.
ரேகை கொடுக்க நோர்வூட் போனோம்
அக்கா யோகமலரும் நானும்.
அவள் விரலைக் கண்ணாடி ஏற்கவில்லை;
பதினாறு வருஷமாய்த் தேயிலை தின்றது போக
மிச்சமிருந்தது மழமழவென்று ஒரு தோல்.
எழுதுவினைஞர் தலையாட்டினார், அவருக்குப் பழகியது.

"தம்பி, நீங்க விரலை வைங்க."
பழக்கதோஷம்,
இருமுறை தட்டி மேலே இழுத்தேன்.
"இழுக்கக் கூடாது தம்பி. சும்மா வைக்கணும்."
சும்மா இருப்பது எப்படி என்று
விரலுக்கு மறந்துபோயிருந்தது.
இடதுகையால் அதைப் பிடித்து அமுக்கி வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
காற்சட்டையில் துடைத்து வைத்தேன்.
சிவப்பு.

"நீங்களும் கொழுந்துதானா?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.
சரிந்த தோள், சிவந்த கண், கணுக்கால் தழும்பு
எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தாள்.
"ஆமாங்க சார். இவன் ராத்திரியில எடுப்பான்.
இன்னும் ஒரு அரைப்பேருகூடப் போடல."