ஓரெழுத்து ஒருமொழி

நைஃப் சாலை டைப்பிங் சென்டர். டோக்கன் எழுபத்து மூன்று.
ஏசி பழுதாகி மூன்றாம் நாள்.
கையில் மாவு காயாமலே வந்து உட்கார்ந்தாள்,
பிசைந்ததை இழுத்து இழுத்து நூலாக்கி
இன்டர்நேஷனல் சிட்டியில் கடை போட்டிருப்பவள்.
கறுப்பு முக்காடு, சிவப்புப் பாஸ்போர்ட்.
குடும்பப்பெயர் மா. இயற்பெயர் ஷியூயிங்.

தட்டினேன். திரை சிவந்தது:
குடும்பப்பெயர் மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது.

'கூட ஒரு எழுத்துப் போடட்டுமா?'
இந்த வேலையில் இது சகஜம்.
போன வாரம் ஒற்றைப் பெயரோடு வந்த இந்தோனேசியப் பையனுக்கு
அவன் பெயரையே இரண்டு தடவை போட்டு அனுப்பினேன்.
நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான்.

இவள் என் பேனாவைப் பிடுங்கி
டோக்கன் சீட்டின் முதுகில் வரைந்தாள்.
பிடரி, வளைந்த வால், கீழே நாலு புள்ளி: கால்கள்.
பழைய எழுத்து. குதிரை.
பாதி அரபி, பாதி உருது, மீதிக்கு விரல்கள்.

முதலில் அது மாஃபூ.
ஜாவ் நாட்டில் ஒரு தளபதி போரில் ஜெயித்தான்.
அரசன் கொடுத்த ஊரின் பெயர், குதிரையைப் பழக்குதல்.
பிறகு நாடு தோற்றது.
பேரர்களை வண்டியேற்றி வேறெங்கோ இறக்கினார்கள்.
இறங்கும்போது 'ஃபூ' விழுந்துவிட்டது.
'இரண்டாயிரம் வருஷம் கழித்து
உன் பெட்டி கேட்கிறதென்று தேடப் போகவா?'

பின்னால் ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருந்த குரியன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது என்றாள்.
லின்ஷியாவில் அவள் தெருவில்
தளபதி கதை எடுபடாது.
அங்கே வந்தவர் மேற்கிலிருந்து வந்தார்,
ஒட்டகத்திலோ கப்பலிலோ, சொல்பவர் வாயைப் பொறுத்தது.
பெயர் முஹம்மது.
வரிக்கணக்கெழுதிய குமாஸ்தாவுக்கு ஏட்டில் இடமில்லை.
காதில் விழுந்த முதல் ஓசைக்குக்
கையில் வந்த எழுத்து, குதிரை.
மிச்சத்தை அவர் தொழுகையில் வைத்துக்கொண்டார்.

'எது நிஜம்?'
'யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்து
அப்பா சொல்வார்.'

குமாஸ்தா என்றாளே.
நாற்காலி கொஞ்சம் உறுத்தியது.
பத்தொன்பது வருஷம்.
எத்தனை பேரை வெட்டினேன், எத்தனை பேரை ஒட்டினேன்,
எவன் பேரன் எந்த ஊரில் அதற்கொரு கதை கட்டுவானோ.

என்னையே பாருங்கள். இங்கே நான் மிஸ்டர் தவசிமுத்து.
அது அப்பா.
தூத்துக்குடி உப்பளத்தில் கடலைக் காயவைத்தவர், கடல் தாண்டாதவர்.
பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாயிருந்ததால்
செத்தபிறகு துபாய் வந்தார்.
பேங்கில் ஆஸ்பத்திரியில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.
நான் எழுந்து போகிறேன்.

அவளிடம் சொன்னேன்:
என் மொழியிலும் மா ஒரே எழுத்து, அதுவே முழுச் சொல்.
ஒன்பதாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தது.
மரம், விலங்கு, இருபதில் ஒரு பங்கு,
உன் விரலிடுக்கில் இருப்பது,
பழம்பாட்டில் குதிரையும்.

'குதிரையுமா?'

ஆமாம். இந்தக் கடலில் ஏற்றித்தான்
பாண்டியனுக்குக் கப்பல் கப்பலாய் வந்தன.
பாதி வழியிலேயே செத்ததாம்.
காயல் துறையில் எண்ணி எழுதிய கணக்கன்
செத்ததை எந்தப் பத்தியில் வைத்தானோ.

ஹெல்ப்லைனில் முப்பத்தோரு நிமிஷம் வாத்தியம் கேட்டோம்.
கடையில் மாலைக் கூட்டம் சேரும் என்று எழுந்தவள்
கவுன்டர் மேல் சாய்ந்து
கீபோர்டின் நீளக் கட்டையைத் தொட்டாள்.
'இது என்ன எழுத்து?'

எழுத்தில்லை என்றேன். பிறகு யோசித்து,
அழுத்து என்றேன்.

திரை பச்சையானது.

எழுபத்தைந்து திர்ஹம். ரசீதில் மா,
பின்னால் ஒரு வெற்றிடம், யார் கண்ணுக்கும் தெரியாது.
நோட்டை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
டோக்கன் எழுபத்து நாலைக் கூப்பிட்டேன்.
நீளக் கட்டையில் வெள்ளையாய் ஒரு விரல்.
துடைக்கவில்லை.
அன்று முழுக்க அதைத் தொட்டுத்தான்
ஒவ்வொரு பெயரையும் அடுத்ததிலிருந்து பிரித்தேன்.