கையா

பழைய துரை பங்களாவுக்குப் புதுப்பெயர் எழுத
அப்புத்தளையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
பதினாலடித் தேக்குப் பலகை.
சிங்களம் மேலே, தமிழ் நடுவே, இங்கிலீஷ் கீழே.
கீழே இருப்பது மட்டும்
மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு பெரிது.

கடதாசியில் நாலே எழுத்து:
ஜீ, ஏ, ஐ, ஏ.
"தமிழில எப்படி சேர்?"
மெனேஜர் போனைத் தடவிப் பார்த்தார்.
"கிரேக்கத்துப் பூமாதேவியாம். பார்த்து எழுதுங்க."

பார்த்தேன்.
காயா என்று போட்டால்
இல்ல, பழம் என்பான் போகிற வருகிறவன்.
கேயா என்றால் யாரோ ஒரு சினிமாக்காரி.
அந்த ஜீயின் கனத்தைத் தாங்க
எங்களிடம் ஒரு ககரம்தான் உண்டு;
அதையே கொடுத்தேன். கையா.
சோக்கட்டியால், மெலிதாக.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜோர்ஜ்
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
ஒரு கையை எடுத்து விரித்துப் பார்த்தான்.
"இது கையா அண்ணே?"
ஏணி ஆடியது. திட்டினேன்.
மம்பட்டிக் காய்ப்பு நாலு இருந்தது அதில், மஞ்சளாக.

பகல் சோற்று நேரம் ஒரு ஜீப்
எட்டாம் லயத்துப் பக்கம் இறங்கியது.
மூன்று நாள் மழையில் சுவர் வெடித்து
விரல் நுழைகிறது, உள்ளே குளிர்கிறது என்றார்கள்.
வந்த மிஸ்ஸின் பெயர் துலாஞ்சலி.
டின்னில் அவளுடைய சிவப்பு காய்ந்துவிட்டிருந்தது.
என்னுடையதைக் கேட்டாள்,
என் கையையும் கேட்டாள்:
வெடிப்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
ஒரே நேர்கோடு. பக்கத்தில் தேதி.
"கோடு விலகினால் உடனே சொல்லுங்கள்."
"யாருகிட்ட?" என்றாள் மெரிஸ்டெல்லா,
ஜோர்ஜின் தாய், கொழுந்துச் சாக்கை இறக்காமலே.

மிஸ்ஸின் சட்டை முதுகிலும் அதே ஜீ.
ஜியோ என்று தொடங்கித் தோளுக்குத் தோள் ஓடியது.
"அதுவும் உங்கள் பலகைக்காரிதான்" என்று சிரித்தாள்.
"கே, கையா, ஜியோ.
இங்கிலீஷ்காரன் வாயில் ஒரே பெயர் தேய்ந்து தேய்ந்து."
சாதாரண தரத்தில் நான் கோட்டைவிட்ட புவியியல் அவளாம்.
ஜியோமெட்ரியும் அவளாம்; நிலத்தை அளப்பதாம்.

அளக்க வந்தவர்களை எனக்குத் தெரியும், மிஸ்.
தேர்தலுக்குத் தேர்தல் நூல் பிடிப்பார்கள்,
ஏழு பேர்ச், ஏழு பேர்ச் என்று.
காணி என்றார்கள்.
காணோம்.

"ஜோர்ஜ் என்ற பெயரிலும் அவள் இருக்கிறாள்.
மண்ணில் உழைப்பவன் என்று பொருள்."
எங்கள் ஜோர்ஜுக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு.
இந்த டிவிஷனுக்கே பெயர் கொடுத்த ஜோர்ஜ் துரை
குதிரையிலிருந்து இறங்கியதே இல்லை என்பார்களே.
ஆக, நூற்றுச்சொச்சம் வருஷமாக
இவனுடைய பெயரை
அவர் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நாலு மணிக்கு மூடுபனி ஏறியது.
கையாவுக்குத் தங்கநிறம் பூசி முடித்தேன்.
வெறுங்காலோடு மண்ணில் நடக்க
ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை ரூபாய் என்று
இன்னொரு சின்னப் பலகையும் தந்தார்கள்.
எழுதினேன்.
பில்லில் அந்தச் சிவப்பைச் சேர்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் விடியுமுன்னே ஜோர்ஜின் அழைப்பு.
பின்னால் மழை, பாத்திரச் சத்தம்,
பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுப்பும் மெரிஸ்டெல்லா.

இருபத்திரண்டு வருஷமாகப் பலகை எழுதுகிறேன்,
கடைக்கு, கோயிலுக்கு, கல்லறைக்கு.
ஒரு கோடு கோணியது கிடையாது.

"அண்ணே," என்றான்,
"ஒங்க கோடு வெலகிருச்சு."