இரண்டாவது சாவி

கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன்.
அப்பா பெயரை அம்மாவும் சொன்னதில்லை;
ரேஷன் கடையில் கேட்டால்
அட்டையை நீட்டுவாள்.
நான் ஆர்.சி. புத்தகத்தை நீட்டுகிறேன், பாருங்கள்:
மூன்று வண்டி, ஒரே கம்பெனி,
பதினாறு வருஷம்.

முதல் வண்டி கத்தரிப்பூ நிறம்.
பாலக்கோடு கால்நடை ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில்
ஓசூர் பல் டாக்டர் ஒருவரிடம் வாங்கியது.
மாரண்டஅள்ளி தாண்டிய மண்ரோட்டில்
அடி தட்டினாலும் முனகாது.
ஒரு மார்கழி ராத்திரி, பஞ்சப்பள்ளிப் பக்கம்,
கரண்ட் இல்லாத கொட்டகை,
கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது.
முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுத்
தோள்வரை கையை விட்டேன்.
ஒன்றரை மணி நேரம்.
பசு எழுந்தது. கன்று எழுந்தது.
பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்தேன்.
ஒரே திருகு.
அன்றைக்கு பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன்,
பசுவைத் தட்டுகிற அதே கையால்.

இரண்டாவது வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஏழு வருஷம் ஓடியது.
அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

வாயை மூடினேனா நான்?
கம்பவுண்டர் திம்மராயனை வாங்கவைத்தேன்.
தக்காளி மண்டி மாதையன்
வேறு ஷோரூமில் கொடுத்திருந்த அட்வான்ஸைப்
பிடுங்கிக்கொண்டு வரவைத்தேன்.
நாத்தனார் சுகந்தி கறுப்பு கேட்டாள்,
கத்தரிப்பூவே எடு என்றேன்.
ஒரு ரூபாய் கமிஷன் இல்லை.
சீட்டுப் பிடிக்கிறவள்கூட
இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கமாட்டாள்.

மூன்றாவது, வெள்ளை.
கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் சத்தம்.
பரவாயில்லை என்றேன்.
திருகுகிற குமிழையெல்லாம் எடுத்துவிட்டுக்
கண்ணாடித் திரை ஒன்று வைத்திருந்தார்கள்;
கையுறையோடு தொட்டால்
நான் யாரென்றே அதற்குத் தெரியவில்லை.
பரவாயில்லை.
(பரவாயில்லை என்பது எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று
கல்யாணம் ஆனவர்களைக் கேளுங்கள்.)

தொப்பூர் இறக்கம்.
பின்னால் கிரானைட் லாரி.
திரை கறுத்தது,
ஸ்டீயரிங் இறுகியது,
பிரேக் மிதி கீழே போக மறுத்தது.
எப்படி ஓரம் கட்டினேன் என்பது
என் தோள்பட்டைக்குத்தான் தெரியும்.
லாரிக்காரன் தாண்டும்போது
என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான்.
அவன்மேல் கோபமே வரவில்லை.

கிருஷ்ணகிரி சர்வீஸில்
திலீபன் என்று ஒரு பையன். நல்ல பையன்.
மோர் கொடுத்தான்.
"சாணித் தண்ணி உள்ள போயிருக்கு மேடம்,
வாரண்ட்டியில வராது."
அவன் முதுகுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள்,
அதே உதிரிப்பாகம், அதே எண்,
முப்பதாவது இருக்கும்.
"இத்தனை பேர் வண்டியிலுமா சாணி?"
டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
மோர் பாதி இருந்தது.

ஐம்பத்திரண்டாயிரம் வலிக்கவில்லை
என்றால் பொய்.
ஆனால் அன்று ராத்திரி மாதையனைக் கூப்பிட்டு
இறக்கத்தில் பார்த்து ஓட்டுங்க என்றபோது,
"நீங்க சொல்லித்தான வாங்குனேன், டாக்டரம்மா"
என்றார். திட்டவில்லை.
அடுத்த மூச்சில் தக்காளி விலை பேசினார்.
நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே
ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

ஓசூரில் விற்றேன்.
இரண்டாவது சாவி எங்கே என்றான் வாங்கியவன்.
வீட்டைக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை.
பன்னிரண்டாயிரம் கழித்துக்கொண்டான்.
இப்போது ஓட்டுவது வேறு கம்பெனி.
எப்படி ஓடுது என்று கேட்டால்
ஓடுது என்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை
கம்பூட்டைத் தலைகீழாக உதறியபோது
சாவி விழுந்தது.
அமுக்கிப் பார்த்தேன், ஏனென்று தெரியாமல்.
ஆஸ்பத்திரி வாசலில் எதுவும் கண் சிமிட்டவில்லை.
சினை ஊசிக்குக் கட்டியிருந்த கிடாரி மட்டும்
திரும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி அசைபோட ஆரம்பித்தது.