மேல மாசி

காளவாசலில் டயர்க்கடைக்கு மேல் மாடி.
பத்து மணிக்குத் தேர்வு முடிவு.
ஒன்பது ஐம்பதுக்கே வந்து தட்டுகிறார்கள்.
வாசல் ஒன்றுதான் எல்லோருக்கும்.

வாசலுக்குப் பின்னால் நான்கு சர்வர்கள்.
பெயர் வைத்தது சிக்கந்தர்:
கீழ மாசி, மேல மாசி, வடக்கு மாசி, தெற்கு மாசி.
தெற்கு மாசிக்கு வயது ஏழு,
ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்.
அதற்கு எடை ஒன்று போட்டேன்,
மற்றதற்கெல்லாம் மூன்று.
பத்துப் பேர் வந்தால்
ஒருவரைத்தான் தெற்கே திருப்பும் லோடு பேலன்சர்.

எட்டு நொடிக்கு ஒருமுறை அது
நான்கையும் கேட்கும்:
இருக்கியா?
இருக்கேன். இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.
நான்கு பச்சைப் புள்ளி.

பத்து மூன்றுக்கு சிக்கந்தர் வந்து நின்றான்.
"பிள்ளைகளுக்கு வெள்ளைப் பக்கம் வருதாம்."
பச்சையாத்தானே இருக்கு?
"பச்சையாத்தான் இருக்கு. வெள்ளையாவும் வருது."

லாக்கைத் திறந்தேன்.
ஒரே பதிவெண், நானூற்றுப் பதினேழில் முடிவது,
நாற்பத்தொரு தடவை.
எந்த ஊரென்று லாக் சொல்லாது.
பேரையூர் என்று நானாக வைத்துக்கொண்டேன்.
ஒருமுறை போன சர்வருக்கே மறுபடியும் அனுப்பு
என்று ஒட்டி வைத்தவள் நானேதான்.
நாற்பத்தொரு தடவையும் மேல மாசி.
நாற்பத்தொரு தடவையும் வெறுந்தாள்.

மேல மாசிக்கு உயிர் இருந்தது.
மதிப்பெண் வைத்திருக்கும் டேட்டாபேஸோடு
பேச்சுத்தான் அறுந்துபோயிருந்தது.
அது பொய் சொல்லவில்லை.
இருக்கியா என்று மட்டும்தானே கேட்டோம்.

நேற்றிரவு தோஹாவிலிருந்து அண்ணன்:
நல்லாருக்கியா?
இருக்கேண்ணே.

கை பழக்கத்தில் பாதி ஷட்டர் இறக்கினேன்,
மெஸ்ஸில் மூன்று மணிக்கு இறக்குவார்களே, அதுபோல.
புது ஆள் வேண்டாம்,
உள்ளே உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழட்டும்.
நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.
இலையில் சோறே இல்லை,
இதில் பாதி ஷட்டர் என்ன மரியாதை.
முழுக்க இறக்கினேன்.

இனி ஏழில் ஒருவர் தெற்கு மாசிக்கு.
அந்த ஒருவராகப் பேரையூர் போய் நின்றது.
ஃபேன் இரைந்தது.
மூன்றே முக்கால் நொடி.
ஒரு பக்கம் முழுசாகப் போனது.

என்ன போனதென்று நான் பார்க்கவில்லை,
பார்க்கவும் கூடாது.
அதற்குப் பிறகு அந்த எண் வரவில்லை.
தேறியிருந்தால் ஆசைக்கு இன்னொரு தடவை பார்க்காதா?
தவறியிருந்தால் நம்பாமல் இன்னொரு தடவை?
பத்து நாற்பது வரை
அந்த வரிக்காகவே லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேலை கிடந்தது.

பிறகு கேள்வியை மாற்றி எழுதினேன்:
ஏதாவது ஒரு மதிப்பெண்ணை எடுத்துக் காட்டு.
தோஹாவில் மணி எட்டு பத்து.
அண்ணன் வேலைக்கு ஏறியிருப்பான்,
சாயங்காலம்தான் கூப்பிட வேண்டும்.

எட்டு நொடி.
மேல மாசியிடமிருந்து பதில் இல்லை.
காலையிலிருந்து முதல் தடவையாகச் சிவப்பு.
சிக்கந்தர் டீ வாங்கக் கீழே போயிருக்கிறான்.