முறைத் தண்ணீர்

பன்னிரண்டு வருஷம் எனக்கு இந்த ஊர்
வெறும் கைகளாகத்தான் தெரிந்தது.
கம்பி வலையில் ஒரு சாண் ஓட்டை,
அதற்குள் நீளும் கை.
சேற்றுப்புண் தின்ற விரலிடுக்கு,
கதிரரிவாள் கொண்டுபோன சுண்டுவிரல் நுனி,
ரப்பர் வளையலுக்குக் கீழே பச்சை குத்திய யாரோ ஒருவர் பெயர்.
காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்.
அடுத்த ஆள்.
பலகையில் மருந்தாளுநர் என்றிருக்கும்.
கூப்பிடுவது மாத்திரக்காரம்மா.

மார்ச் மாதம் வலைக்கு வெளியே
எனக்கொரு ஸ்டூல் போட்டார்கள்.
டாக்டர் ஷஹீதா சொன்னார்:
"ஆளுக்கு மூணு நிமிஷம்தான் எனக்குக் கிடைக்குது.
மிச்சத்த நீங்க கேளுங்க, ரெஜினா."
மிச்சம் எவ்வளவு என்று
அன்றைக்கு இருவருக்குமே தெரியாது.

பைகளைக் கொட்டச் சொன்னேன்.
வைத்தியலிங்கத்தின் ஜவுளிக்கடைப் பையிலிருந்து
எங்கள் வெள்ளை மாத்திரை விழுந்தது,
கூடவே மன்னார்குடியில் வாங்கிய ரோஸ் மாத்திரை.
பெயர் இரண்டு, மருந்து ஒன்று.
"அது சும்மா குடுத்தது, இது காசு குடுத்தது.
ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?"
வரப்பில் மூன்று தரம் தலைசுற்றி விழுந்திருக்கிறார்.
குடிக்கப் பழகிவிட்டார் என்று ஊரில் பேச்சு.
டீயே அரைக் கிளாஸ் குடிக்கிற மனுஷன்.

அப்புறம், ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
தையல்நாயகி.
பிரஷர் நூற்றெழுபது.
போன மாசமும் அதேதான், அதற்கு முந்தின மாசமும்.
அளவைக் கூட்டச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது.
பையில் தண்ணி மாத்திரை
அட்டை அட்டையாக, புத்தம்புதிதாக.
மொத்தமே ஆறு ஓட்டை.
"நடவு இல்லாத அன்னிக்குப் போட்டுக்குவேன்."
மற்ற நாளில்?
மூக்குத்தியைத் திருகினாள்.
பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.
ஸ்டூலை அவள் முழங்கால் வரைக்கும் இழுத்துப் போட்டேன்.

"வெடியக்காலம் போட்டா
பதினோரு மணிக்குள்ள நாலு தரம் ஒதுங்கணும்.
எங்கம்மா ஒதுங்குறது?"

பாமணியாற்றங்கரையில் பிறந்தவள் நான்.
கண்ணுக்கெட்டின மட்டும் பச்சை என்று
மதுரை விடுதியில் பெருமை பேசியிருக்கிறேன்.
அந்தப் பச்சை
முழங்கால் உயரம்கூட இல்லை என்பது
இந்த நாற்பது வயது வரைக்கும் உறைக்கவில்லை.
ஒரு புதர் கிடையாது.
வரப்பில் நாற்றுமுடி வீசும் ஆண்கள்,
பம்புசெட்டில் பையன்கள்,
நடுவே பதினாலு பெண்கள் குனிந்தபடி,
கணுக்கால் மூழ்கத் தண்ணீரில் நின்றுகொண்டு
தண்ணீரை அடக்கிக்கொண்டு.
"குடிக்கிறதுகூட இல்ல. வெத்தலதான்."

சீட்டோடு டாக்டர் அறைக்குப் போனேன்.
கூட்ட வேண்டாம், மருந்து உள்ளேயே போகவில்லை என்றேன்.
காரணத்தைச் சொன்னேன்.
எழுதிய எண்ணை அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்திருந்தார்.
"எத்தன மணிக்குக் கரையேறுவாங்க?"
கேட்டு வந்தேன். ரெண்டரை.

நான் படித்த புத்தகத்தில்
இதைச் சொல்ல வார்த்தை இல்லை.
"மேட்டூர் தொறந்தாலும் நம்ம வாய்க்காலுக்கு
முறை வந்தாத்தானே தண்ணி?
இந்த மாத்திரைக்கு மூணு மணி முறை.
வீட்டுக்குப் போயி, கால் கழுவிட்டு.
இன்னொண்ணு வழக்கம்போலக் காலையில."
யோசித்தாள்.
"அப்ப ஷட்டர் சாவி எங்கிட்டதான்?"
அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
முன்பல் ஒன்று இல்லை.

பதிவேட்டில் பெயர், மருந்து, எண்ணிக்கை.
வேறு கட்டம் இல்லை.
மணியை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

மறுமாசம் நூற்று நாற்பத்தெட்டு.
இன்னும் இறங்கணும்.
கருவாட்டைப் பற்றி நாங்கள் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் மழை.
நடவு நின்ற நாள்.
கொங்காணியிலிருந்து நீர் சொட்ட ஆறு பெண்கள்
கம்பி வலையைத் தாண்டி
நேரே ஸ்டூலுக்கு வந்தார்கள்.
முன்னால் நின்றவள் குரலைத் தாழ்த்தினாள்:
"அந்த மூணு மணி மாத்திர
எங்களுக்கும் இருக்கா?"

ஒவ்வொருத்தராக உட்காரச் சொன்னேன்.
பையைக் கொட்டச் சொன்னேன்.