மூன்று மாதம்

நிலையான வைப்பு, மூன்றாம் கவுண்டர்.
களுவாஞ்சிகுடியில் காலை ஒன்பதேகால்.
அடகுக்காரப் பையன் லீவு;
தராசும் இன்று என் பொறுப்பு.

அருளம்பிகை ரீச்சர் வந்திருக்கிறா.
பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை,
அதற்குள் கடித உறை,
அதற்குள் பற்றுச்சீட்டு.
"மறுகாவும் ஒரு வருஷத்துக்கே போடு புள்ள."

தலைமைக் காரியாலயம் இந்த மாதம்
ஆறு பேரைப் பங்குச் சந்தைக்குள்
இறக்கச் சொல்லியிருக்கிறது.
வழுவழுத்த துண்டுப் பிரசுரத்தில்
ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு.
இறங்கிய ஆண்டுகள் மடிப்புக்குள்.
நீட்டினேன்.

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நகோயாவைப் பற்றிச் சொன்னா.
தங்கச்சி மகன் நிரோஜன்
அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டுகிறான்.
அதில் ஒரு அம்மா
முப்பது வருஷமாய் வட்டியில்லாத வங்கியில்
காசை அப்படியே விட்டிருக்கிறாவாம்.
மிச்சம் உடுப்புப் பெட்டியில், பட்டுக்கு அடியில்.
"சாமான் விலை ஏறாத ஊர் புள்ள,
காசு படுத்துக் கிடந்தாலும் மெலியாது.
இப்ப அங்கயும் அரிசி விலை ஏறிட்டுதாம்,
பங்கு வாங்குங்க எண்டு அரசாங்கமே சொல்லுதாம்.
நீயெண்டா என்ன செய்வாய் எண்டு
அவ இவனிட்டக் கேட்டாவாம்."

"என்ன சொன்னவன்?"

"அவன்ர காசுதானே இது,
வைப்பில போடச் சொல்லி எனக்கு அனுப்புறான்."

சிரித்தோம். பிறகு அவ சிரிக்கவில்லை.
"இருபத்திரெண்டில
என்ர வைப்பில ஒரு சதம் குறையல்ல.
அரிசி மூட்டைதான் பாதியாப் போச்சு."

ரீச்சருக்குப் பின்னால் வேலாப்போடி.
மண்டூர்ப் பாதையில் வாவி கடந்து வந்தவர்.
கைலேஞ்சிக்குள் மனைவியின் சங்கிலி.
போன மாரியில் பதினொரு ஏக்கர்
வெள்ளத்தோடு போனது.
விதைநெல்லுக்கும் யூரியாவுக்கும்
திரும்பவும் வானத்தில் போடப் போகிறார்.
அவருக்கு யாரும் பிரசுரம் கொடுப்பதில்லை.
அதைச் சூது என்றும் யாரும் சொல்வதில்லை.

"நீ எவ்வளவு போட்டிருக்காய் புள்ள, இந்தப் பங்கில?"

என் கை கழுத்துக்குப் போனது.
என்னிடம் உள்ளதெல்லாம்
ஐந்தரைப் பவுனாய் அங்கேதான் தொங்குகிறது.
நல்லவேளை, பிரிண்டர் சத்தம் போட்டது.

ரீச்சர் பிரசுரத்தை நாலாய் மடித்து
உள்ளே இருந்த பைக்குள் வைத்தா.
படிவத்தில் 'காலம்' என்ற கட்டத்தில்
பன்னிரண்டு என்று எப்போதும் தானே எழுதுகிறவ,
பேனையைப் பிடித்தபடி நின்றா.
வரிசை இருமியது.

"மூண்டு மாசம் எண்டு போடு. பார்ப்பம்."

இலக்கு அட்டவணையில்
இதற்குக் கட்டம் இல்லை.
ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு
பிரதான வீதிப் பக்கம் கிறுகினா.

வேலாப்போடி சங்கிலியைத் தராசில் வைத்துவிட்டு
முள்ளைப் பார்க்காமல்
யன்னலுக்கு வெளியே
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.